பத்தாம் நம்பர் ஸ்பேனரில் தொடங்குங்கள்

கேள்வி: பெங்களூரு விவேக் நகரில் இருக்கிறோம். வீட்டில் 2017 மாடல் மாருதி செலேரியோ, பெட்ரோல் வண்டி. வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. சர்வீஸ் பில்லைப் பார்க்கும்போதெல்லாம், சின்ன வேலைகளையாவது நானே கற்றுக்கொள்ளலாமே என்று தோன்றுகிறது. பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகளும் ஆர்வமாக இருக்கிறாள். ஆன்லைனில் 108 பீஸ் டூல் செட் ஒன்று நாலாயிரத்துச் சொச்சத்துக்கு வருகிறது. மாடி வீட்டு அண்ணனோ, "வாங்கினால் வெளிநாட்டு பிராண்டாக வாங்கு, இல்லையென்றால் வாங்காதே" என்கிறார். அதற்கு இருபதாயிரம் ஆகும் போலிருக்கிறது. என்னால் எட்டாயிரம் வரை செலவழிக்க முடியும். எதை வாங்குவது? அபார்ட்மென்ட் பேஸ்மென்டில் வைத்து நானே ஆயில் மாற்றலாமா?
— ஒரு வாசகி, விவேக் நகர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

108 பீஸ் செட் வேண்டாம். இருபதாயிரம் ரூபாய் பெட்டியும் வேண்டாம். எட்டாயிரத்தையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

அல்சூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். வீட்டில் வண்டி வேலை பார்க்க ஆசைப்பட்டு என்னிடம் யோசனை கேட்பவர்கள் எல்லாரும் முதலில் பிராண்டில்தான் தொடங்குகிறார்கள். நான் அவர்களிடம் கேட்பது வேறு: இந்த டூல் கையில் இருக்கும்போது உடைந்தால் என்ன போகும்? டூலின் விலை மட்டும் போகும் என்றால், மலிவானதே போதும். வண்டியின் போல்ட்டோ மரையோ போகும் என்றால், நடுத்தர விலையில் நல்லதாக வாங்குங்கள். ஆள் அடிபடும் என்றால், அங்கே பேரம் பேசாதீர்கள். நல்லது வாங்கக் காசு இல்லையென்றால் அந்த வேலையையே செய்யாதீர்கள். டார்ச், புனல், டிரே எல்லாம் முதல் வகை. ஸ்பேனர், போல்ட் தலைமேல் தொப்பி போல மாட்டும் சாக்கெட் இரண்டாம் வகை. வண்டியைத் தூக்கும் ஜாக்கியும் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டும் மூன்றாம் வகை. உங்கள் எட்டாயிரத்தை இப்படித்தான் பிரிக்க வேண்டும்.

முதலில் அந்த 108 பீஸ் பெட்டியைப் பார்ப்போம். எண்ணிக்கையைக் கூட்டுவதற்காக அதில் நிறைய சேர்த்திருப்பார்கள். அதில் ஒரு பெரிய பங்கு திருப்புளி முனைகளாகத்தான் இருக்கும். 4, 4.5, 5, 5.5 மி.மீ. என்று குட்டி சாக்கெட்டுகள் இருக்கும்; உங்கள் வண்டியில் அவற்றுக்கு வேலையே இல்லை. சில பெட்டிகளில் இஞ்ச் அளவும் கலந்திருக்கும். மாருதி போன்ற ஜப்பான் வழி வண்டிகளில் நீங்கள் கை வைக்கும் இடமெல்லாம் 8, 10, 12, 14, 17, 19 மி.மீ.க்குள் முடிந்துவிடும். ஹூண்டாயும் ஏறக்குறைய அப்படித்தான். ஹூண்டாயில் வீல் நட் மட்டும் 21. ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா என்றால் 13, 16, 18 என்று மாறும், நட்சத்திர வடிவ டார்க்ஸ் போல்ட்டுகளும் நிறைய வரும். ஆக, வண்டியைப் பார்த்துவிட்டுத்தான் டூல் வாங்க வேண்டும். பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு வேலை தேடினால், தேவைப்படும் ஒரு அளவு மட்டும் அதில் இருக்காது.

பெட்டி செட்டில் இன்னொரு சிக்கல், எண்ணிக்கை கூடும்போது இரும்பின் தரம் குறைவது. மலிவு சாக்கெட்டின் உள்பக்கம் கொஞ்சம் லூஸாக இருக்கும். போல்ட்டின் தலைமேல் உட்கார்ந்து ஆடும். பலம் கொடுத்ததும் மூலைகளில் வழுக்கி, தலையின் மூலைகள் மழுங்கி உருண்டையாகிவிடும். தலை உருண்ட போல்ட்டை எடுக்க மெக்கானிக்குக்கு நீங்கள் கொடுக்கும் கூலி, செட் வாங்கியதில் மிச்சம் பிடித்ததைத் தின்றுவிடும். வீட்டு டூல் விஷயத்தில் நான் பார்க்கும் நஷ்டங்களில் பெரும்பாலானவை இதுதான்.

அதனால் சாக்கெட் வாங்கும்போது உள்ளே எட்டிப் பாருங்கள். ஆறு மூலை, பன்னிரண்டு மூலை என்று இரண்டு வகை உண்டு. ஆறு மூலை வாங்குங்கள். அது போல்ட்டின் பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு மூலை போல்ட்டின் மூலைகளில்தான் பலம் கொடுக்கும். பன்னிரண்டு மூலையை மாட்டுவது சுலபம், துருப்பிடித்த போல்ட்டில் வழுக்குவதும் அதுதான். கடையிலேயே ஒரு புது போல்ட்டை வாங்கி உள்ளே விட்டு ஆட்டிப் பாருங்கள். நல்ல கடைக்காரர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

சாக்கெட்டை மாட்டித் திருப்பும் ராட்செட் கைப்பிடிக்கும் ஒரு சோதனை இருக்கிறது. 24 பல் ராட்செட்டில், அடுத்த பல் பிடிக்க 15 டிகிரி கையை வீச வேண்டும். 72 பல் என்றால் 5 டிகிரி போதும். செலேரியோவின் பேனட்டுக்குள் கை வீச இடம் எவ்வளவு இருக்கிறது என்று திறந்து பாருங்கள், ஏன் சொல்கிறேன் என்று புரியும். சாக்கெட்டில் கொஞ்சம் மிச்சம் பிடித்தாலும் ராட்செட்டில் பிடிக்காதீர்கள்.

அடுத்து, டிரைவ் அளவு. அதாவது, ராட்செட்டில் சாக்கெட் மாட்டும் சதுர முனையின் அளவு. நம் ஊர்க் கடைகளில் 1/2 இஞ்ச்சும் 1/4 இஞ்ச்சும்தான் அதிகம் தொங்கும். 1/2 இஞ்ச் வீல் நட்டுக்குச் சரி. ஆனால் அதே நீளக் கைப்பிடியில் 10 மி.மீ. சாக்கெட்டை மாட்டி, ஏர் ஃபில்டர் பெட்டியின் போல்ட்டை முறுக்கினால் ஆபத்து. பத்தாம் நம்பர் தலை உள்ள சின்ன போல்ட்டுக்குப் பொதுவாக 10 நியூட்டன் மீட்டர் அளவு முறுக்கே போதும். 25 செ.மீ. கைப்பிடியில் அது வெறும் நாலு கிலோ எடை வைத்த மாதிரி. பெரிய ராட்செட்டைப் பிடித்த கை அதைவிடப் பல மடங்கு கொடுத்துவிடும், போல்ட் முறிந்துவிடும். அதனால் உங்களுக்கு நான் சொல்வது 3/8 இஞ்ச் ராட்செட் ஒன்று. கொஞ்சம் தேட வேண்டியிருக்கும். கிடைக்காவிட்டால் 1/4 இஞ்ச்சில் தொடங்குங்கள். இரண்டிலும் ஒரு எக்ஸ்டென்ஷன் ராடு சேர்த்து வாங்குங்கள்.

ஸ்பேனருக்கு வெளிநாட்டு பிராண்டு தேவையில்லை. ஜலந்தரும் லூதியானாவும் கைக்கருவித் தொழிலுக்குப் பெயர் போன ஊர்கள். அங்கே செய்வது வெளிநாட்டுக்கும் ஏற்றுமதி ஆகிறது. நாசிக்கில் தயாராகும் தபாரியா ஸ்பேனர்களை நம் நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் பாதிப் பேராவது வைத்திருப்பார்கள். குரோம் வனேடியம் (ஒரு வகை உறுதியான எஃகு) என்று பொறித்த நல்ல இந்திய ஸ்பேனர் உங்கள் வீட்டு வேலைக்கு ஆயுசுக்கும் வரும். வாங்கும்போது ஒரு பக்கம் வாய், மறு பக்கம் ரிங் உள்ள காம்பினேஷன் வகையை எடுங்கள். இரண்டு பக்கமும் வாய் உள்ள டபுள் எண்ட் செட்டில் 10-11, 12-13, 14-15 என்று ஜோடியாக வரும். உங்களுக்கு 11-ம் 15-ம் உதவாது. போல்ட்டை இளக்க எப்போதும் ரிங் பக்கம். இளகிய பிறகு வாய்ப் பக்கம். 10 மி.மீ. மட்டும் இரண்டு வாங்குங்கள், அதிகம் பயன்படுவதும் தொலைவதும் அதுதான். ஸ்க்ரூ ஸ்பேனர் வண்டிக்கு வேண்டவே வேண்டாம், குழாய் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாடி வீட்டு அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாள் முழுக்க ராட்செட் பிடிக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு விலை உயர்ந்த டூல் லாபம்தான். மாதம் ஒரு தடவை பேனட் திறக்கும் வீட்டுக்கு அந்த வித்தியாசம் திரும்பி வராது.

சரி, எட்டாயிரத்தில் முதலில் என்ன வாங்குவது? உங்கள் பில்லில் கூலி எதற்கெல்லாம் போகிறது என்று எடுத்துப் பாருங்கள். ஏர் ஃபில்டர், ஏசி ஃபில்டர், வைப்பர், பல்பு, பேட்டரி டெர்மினல் சுத்தம், கூலன்ட் பார்ப்பது, டயர் காற்று. இவை எல்லாம் வண்டிக்கு அடியில் போகாமல் செய்யக்கூடிய வேலைகள். பலவற்றுக்கு டூலே வேண்டாம். இவற்றில்தான் உங்களுக்கு மிச்சம் அதிகம்.

அதனால் முதல் செலவு ஸ்பேனர் அல்ல, காற்றடிக்கும் 12 வோல்ட் பம்பு. 1,500 முதல் 2,500 ரூபாய்க்குள் நல்லது கிடைக்கும். அளவு வைத்தால் தானாக நிற்கும் டிஜிட்டல் வகையாக இருக்கட்டும். வண்டி ஓடாமல் சில மணி நேரம் நின்ற பிறகு, டயர் ஆறியிருக்கும்போது அளக்க வேண்டும். ஓடி வந்த டயரில் மூன்று நாலு பி.எஸ்.ஐ. கூடக் காட்டும். பங்க்கில் போய் அளப்பவர்கள் பெரும்பாலும் சூடான டயரைத்தான் அளக்கிறார்கள். எவ்வளவு வைக்க வேண்டும் என்பது டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் ஸ்டிக்கரில் இருக்கும். பம்பு ஓடும்போது பேட்டரி இறங்காமல் இருக்க எஞ்சினை ஓட விடச் சொல்வார்கள். மூடிய பேஸ்மென்டில் அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் புகையில் உள்ள விஷ வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. வண்டியை வெளியே எடுத்துவிட்டுச் செய்யுங்கள்.

அப்புறம் தலையில் மாட்டும் எல்இடி டார்ச், முந்நூறு நானூறு ரூபாய். மலிவானதே போதும். பேஸ்மென்ட் வெளிச்சத்தில் பேனட்டுக்குள் எதுவும் தெரியாது; செல்போனை வாயில் கவ்விக்கொண்டு வேலை செய்ய முடியாது. எலி வயரைக் கடித்திருக்கிறதா என்று பார்க்கவும் இதுவே உதவும். பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள பல வீடுகளில் அந்தத் தொல்லை உண்டு.

மூன்றாவது, வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர். எஸ்.பி. ரோட்டில் ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குக் கிடைப்பது போதும். இரவு முழுக்க நின்ற வண்டியின் பேட்டரி 12.6 வோல்ட் அளவு காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் முக்கால். 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை காட்டினால் மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் செய்கிறது. ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு நேராகப் புது பேட்டரி போட்டுவிட்டு, இரண்டு வாரத்தில் மறுபடி நின்று போய் என்னிடம் வருகிறார்கள். ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை என்பதை இந்தச் சின்ன மீட்டர் முதல் நாளே சொல்லியிருக்கும்.

எஞ்சின் லைட் எரிந்தால் படிக்கும் புளூடூத் ஓபிடி கருவியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கண்ணில் படும். டேஷ்போர்டுக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் செருகினால் கோளாறைக் குறிக்கும் ஒரு எண், அதாவது கோடு (code), செல்போனில் வரும். அறுநூறு ரூபாய்க்கு நல்ல பொருள்தான். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: கோடு கோளாறைச் சொல்லும், எந்த பார்ட் கெட்டது என்று சொல்லாது. பி0171 என்று வந்தால், பெட்ரோல் கலவை மெலிந்திருக்கிறது என்று பொருள். காற்றுக் குழாயில் விரிசலா, சென்சாரில் அழுக்கா, இன்ஜெக்டர் அடைப்பா என்று தேடிப் பார்க்க வேண்டும். கோடைப் பார்த்ததும் சென்சார் ஆர்டர் போடாதீர்கள். கருவியை வண்டியிலேயே விட்டுவிடாமல் கழற்றி வையுங்கள், பேட்டரியை உறிஞ்சும். உதிரிப் பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்காமல் தடுத்ததற்காக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. விஷயம் மேல்முறையீட்டுக்கும் போனது. எங்களைப் போன்ற சிறிய ஒர்க்‌ஷாப்காரர்களுக்கு அந்தத் தீர்ப்பு பெரிய தைரியம். தன் வண்டி என்ன சொல்கிறது என்று படிக்கும் உரிமை வண்டிக்காரருக்கும் வேண்டும் என்பது என் எண்ணம்.

இதுவரை சொன்ன பம்பு, டார்ச், மீட்டர், ஸ்பேனர், ராட்செட், ஆறு சாக்கெட், கூடவே கூட்டல் குறி முனையுள்ள ஒரு நல்ல நட்சத்திரத் திருப்புளி எல்லாம் சேர்ந்து ஐந்தாயிரத்தைச் சுற்றி வரும். கடைக்குக் கடை விலை மாறும். மீதியை வைத்துக்கொள்ளுங்கள்.

மீதி எதற்கு என்றால், குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் டார்க் ரெஞ்சுக்கு. நிச்சயம் வாங்க வேண்டும், ஆனால் இரண்டாம் கட்டத்தில். வீல் நட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்கு மேனுவலில் ஒரு எண் இருக்கும். பெரும்பாலான சிறிய கார்களுக்கு அது 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். 30 செ.மீ. வீல் ஸ்பேனரில் 85 வர, முனையில் 29 கிலோ எடை போதும். ரோட்டோரத்தில் 60 கிலோ ஆள் அதன்மேல் ஏறி நின்றால் 175-ஐத் தாண்டும். இரண்டு மடங்கு. போல்ட் இழுபடும், டிஸ்க் கோணும், பிரேக் பிடிக்கும்போது பெடல் அதிரும். அப்புறம் ராத்திரி ஓசூர் ரோட்டில் பஞ்சர் ஆனால் உங்களால் அந்த நட்டைக் கழற்றவே முடியாது.

1/2 இஞ்ச் கிளிக் வகை டார்க் ரெஞ்சு இரண்டாயிரத்து ஐந்நூறு, மூவாயிரத்துக்குக் கிடைக்கும். அதை நட்டை இளக்கப் பயன்படுத்தக் கூடாது, கடைசியாக முறுக்க மட்டும்தான். வண்டியைக் கீழே இறக்கிய பிறகு, எதிரெதிர் நட்டாக முறுக்குங்கள். ஒரு கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். வேலை முடிந்ததும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து அளவு பொய் சொல்லும். உங்கள் அபார்ட்மென்டில் நாலு வீடு சேர்ந்து ஒன்று வாங்கினால்கூடப் போதும். வருஷத்தில் சில நாள்தான் வேலை.

இப்போது ஆயில் கேள்விக்கு வருகிறேன். முதல் வருஷம் வேண்டாம்.

காரணம், உங்கள் திறமை அல்ல. வண்டியோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி உடம்பின் எந்தப் பகுதியையும் வண்டிக்கு அடியில் விடக் கூடாது, ஒரு நிமிஷம்கூட. ஹைட்ராலிக் ஜாக்கியும் அப்படித்தான். உள்ளே ஒரு ரப்பர் சீல் போனால் வண்டி இறங்கிவிடும். அடியில் போவதென்றால் இரண்டு நல்ல ஸ்டாண்டு, டிராலி ஜாக்கி, பின் சக்கரத்துக்கு முட்டு, சமமான கெட்டியான தரை எல்லாம் வேண்டும். பேஸ்மென்ட் தரை தண்ணீர் ஓடுவதற்காகச் சரிவாக இருக்கும். வெளியே பார்க்கிங்கில் இன்டர்லாக் கல் பதித்திருந்தால் ஸ்டாண்டின் கால் அமுங்கும். இவ்வளவுக்கும் ஆறேழாயிரம் செலவழித்து, ஆயில் மாற்றும் கூலியில் மூன்று நாலு நூறு மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. மேனுவலில் சொன்ன கிரேடு ஆயிலையும் ஒரிஜினல் ஃபில்டரையும் ஆயில் வடிக்கும் திருகான டிரெய்ன் பிளக்கின் வாஷரையும் ஜே.சி. ரோட்டில் பில்லோடு நீங்களே வாங்கிக்கொண்டு, நம்பிக்கையான மெக்கானிக்கிடம் போங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள். கூலி மட்டும் கொடுங்கள். ஆயில் பில்லில் மிச்சமும் கிடைக்கும், உங்கள் கண் முன்னால் வேலையும் நடக்கும்.

என்றாவது நீங்களே மாற்றும் நாள் வந்தால், பழைய ஆயிலை கேனில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது ராஜகாலுவே என்னும் மழைநீர்க் கால்வாய் வழியாக ஏரிக்குத்தான் போகும். நம் ஊர் ஏரிகள் ஏற்கெனவே படும் பாடு போதும். பிரேக், ஏர்பேக், ஏசி கேஸ் மூன்றிலும் கை வைக்காதீர்கள். ஏர்பேக் வயர்கள் மஞ்சள் உறையில் இருக்கும். மஞ்சளைக் கண்டால் கையை எடுத்துவிடுங்கள்.

எங்கே வாங்குவது? டூலுக்கு எஸ்.ஜே.பி. ரோடு, பார்ட்ஸுக்கு டவுன் ஹால் பக்கம் ஜே.சி. ரோடு, மீட்டருக்கு எஸ்.பி. ரோடு. மூன்றும் நடக்கும் தூரம்தான். மெட்ரோவில் கே.ஆர். மார்க்கெட்டில் இறங்கிவிடுங்கள், வண்டி கொண்டுபோனால் நிறுத்த இடம் கிடைக்காது. பல கடைகளில் தமிழிலேயே கேட்கலாம். சண்டே பஜாரில் பழைய ஸ்பேனர் நல்லதாகக் கிடைக்கும். வாய் விரியாமல், விரிசல் இல்லாமல் இருந்தால் தைரியமாக எடுக்கலாம். பழைய டார்க் ரெஞ்சும் பழைய ஜாக்கியும் மட்டும் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள். அவற்றுக்கு உள்ளே என்ன ஆகியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது.

மகளைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். அவளுக்கு முதல் வேலையாக பேட்டரி டெர்மினலைக் கொடுங்கள், பத்தாம் நம்பர் ஸ்பேனர் ஒன்றே போதும். சாவியை எடுத்துவிட்டு, முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. பாசிட்டிவ்வை முதலில் கழற்றினால், ஸ்பேனர் வண்டியின் பாடியில் பட்டதும் தீப்பொறி பறக்கும். பேனட் திறப்பதற்கு முன் நீங்கள் இருவரும் வளையல், மோதிரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். பாசிட்டிவ் முனைக்கும் பாடிக்கும் நடுவே ஒரு வளையல் சிக்கினால் நொடியில் பழுக்கக் காய்ந்துவிடும், கையை இழுக்கக்கூட நேரம் இருக்காது. தலைமுடியைக் கட்டிக்கொள்ளுங்கள், துப்பட்டா வேண்டாம். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்க விடாதீர்கள். கூலன்ட் அளவை பக்கத்திலிருக்கும் பிளாஸ்டிக் டப்பாவின் கோட்டைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

டெர்மினல், ஏர் ஃபில்டர், வைப்பர் என்று இந்த மூன்றையும் மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துவிடுங்கள். அடுத்த சர்வீஸ் பில்லில் அந்த வரிகள் இருக்கக் கூடாது. இருந்தால் ஏன் என்று அங்கேயே கேளுங்கள்.